கல்யாணப் பந்தியில் விழுந்த ஐந்து நட்சத்திரங்கள்

நான் பேசத் தொடங்குவதற்குள் கேக்கை வெட்டிவிட்டீர்கள். என் பணி ஓய்வு விருந்தில் மைக்கைக் கையில் கொடுத்து, "ஆன்ட்டி, புதுசா சேர்ந்தவங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றான் தேவன். நான் தொண்டையைச் செருமுவதற்குள் ஒருவர் மெழுகுவத்தி ஏற்ற, இன்னொருவர் பலூனை உடைக்க, என் பேச்சு அதோடு போயிற்று. அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுதித் தருகிறேன். இதன் நடுவில் யாரும் கேக் வெட்ட முடியாது.

தேவன் நம் எல்லாருக்கும் முதலாளி என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவன் என் மகன் வயது. பேச்சில் வருவது போலவே எழுத்திலும் 'அவன்' என்றுதான் வருகிறது. அவன் கோபித்துக்கொள்ளமாட்டான்.

உங்களில் பலருக்கு நான் வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் பாக்கியம் ஆன்ட்டி. அதற்கு முன் நான் சினிமாக்காரி. நடித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்ப் படங்களை வாங்கி, சுங்கைப் பட்டாணியிலும் சுற்று ஊர்களிலும் ஓட்டிய ஓர் அலுவலகத்தில் விளம்பரப் பகுதியில் இருந்தேன். வேனின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய், "இன்று முதல், உங்கள் அபிமானத் திரையரங்கில், காணத் தவறாதீர்கள்!" என்று கூவிய குரல் என்னுடையது. தியேட்டர் மூடி, அந்த இடத்தில் இப்போது சோபா விற்கிறார்கள். ஒருமுறை போய், இரண்டாம் வகுப்பு இருந்த இடத்தில் போட்டிருந்த சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். பழைய நாற்காலியைவிட நூறு மடங்கு சுகமாக இருந்தது. மூட்டைப்பூச்சியும் இல்லை.

தேவன் இந்தச் செயலியைத் தொடங்கியபோது, வீட்டில் பலகாரம் செய்யும் பெண்களையும் அதைத் தேடி அலையும் ஊர்க்காரர்களையும் கைப்பேசி வழியே சேர்த்துவைப்பதுதான் திட்டம். அதற்கு மனிதர்களோடு பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. "அந்த வேன்கார ஆன்ட்டி கல்லோட கூட பேசுவாங்க" என்று அவன் அம்மா என்னைச் சிபாரிசு செய்தார். அப்படித்தான் வந்து சேர்ந்தேன்.

வந்த முதல் வாரமே எனக்கு ஒன்று புரிந்துபோயிற்று. நான் வேறு தொழிலுக்கு வரவில்லை. பழைய தொழிலே புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. அங்கே தியேட்டர்காரர் பங்கு எடுத்துக்கொண்ட பிறகுதான் நமக்கு மிச்சம். இங்கே செயலிகளை விற்கும் கடை அதே வேலையைச் செய்கிறது. அங்கே சுவரொட்டி, இங்கே கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்னம். அங்கே முதல் ஐந்து நிமிடத்தில் ஆளைப் பிடிக்காவிட்டால் கச்சாங் பூத்தே கடலை வாங்க எழுந்து போய்விடுவார்கள். இங்கே எழுந்து போகக்கூட வேண்டாம், விரலால் தள்ளிவிட்டால் போதும். பத்துப் படம் எடுத்தால் ஒன்றோ இரண்டோதான் ஓடும் என்பதும் அப்படியே. ஓடாத படத்தை எடுத்தவர்களும் ஓடும் என்று நம்பித்தான் எடுத்தார்கள்.

என்னை வேலைக்கு வைத்த அந்தப் பட முதலாளியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பேர் வேண்டாம், அவருக்கே அது பிடிக்காது. வெள்ளிக்கிழமை புதுப்படம் வெளியாகும்போது மற்ற விநியோகஸ்தர்கள் தோட்டத்திலிருந்து லாரியில் ஆள் ஏற்றி வந்து, ஓசி டிக்கெட் கொடுத்து, தியேட்டரை நிரப்பி விசில் அடிக்கச் சொல்வார்கள். வாசலில் 'அரங்கு நிறைந்தது' பலகை தொங்கும். அதைப் பார்த்து அடுத்த காட்சிக்குக் கூட்டம் வரும் என்பது கணக்கு. எங்கள் முதலாளி அதைச் செய்யவே மாட்டார். "ஓசியில வந்தவன் படம் மோசம்னாலும் எந்திரிச்சுப் போகமாட்டான். நல்லா இருக்குன்னாலும் திரும்பி வரமாட்டான். அவன வச்சுக்கிட்டு நான் என்னாம்மா தெரிஞ்சுக்கறது?" என்பார்.

படம் விட்டதும் அவர் அலுவலகத்துக்குப் போகமாட்டார். வாசலில் இருந்த கச்சாங் பூத்தே வண்டிக்குப் பக்கத்தில், கடலை வாங்க வந்தவர் போல நிற்பார். காசு கொடுத்துப் பார்த்தவர்கள் அங்கேதான் வாய் திறப்பார்கள். "ரெண்டாவது பாட்டு எதுக்குலா? தூக்கம் வருது" என்று யாராவது திட்டினால் அவர் முகம் மலரும். மறுநாள் அந்தப் பாட்டு இருக்காது. ஆபரேட்டரிடம் சொல்லி வெட்டிவிடுவார். நீங்கள் இன்று மாதத்துக்கொரு தடவை 'புதிய பதிப்பு' வெளியிடுகிறீர்களே, அதை அவர் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு செய்தார்.

இனி நம் கதைக்கு வருகிறேன். தேவனின் தங்கை கல்யாணம் என்றால் பழைய ஆட்கள் சிரிப்பார்கள். புதியவர்களுக்கு அது தெரியாது.

அப்போது நம் செயலி கடைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. பலகாரத் தொழிலில் தீபாவளியை விட்டால் வருடம் போச்சு. எல்லாரையும்விட அதை நம்பியிருந்தவள் புக்கிட் செலம்பாவ் ஊரில் இருக்கும் கமலா. கையுறைத் தொழிற்சாலையில் பல வருடம் ஷிப்ட் வேலை பார்த்தவள், நம் செயலியில் தன் முறுக்கு நாலு பேருக்குப் பிடித்துப்போனதும் வேலையை விட்டுவிட்டாள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, எண்ணெய் டின்களை அடுக்கி, உதவிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரைப் பேசி வைத்திருந்தாள். நம் செயலி நின்றால் அவள் அடுப்பும் நிற்கும்.

கல்யாணம் சுங்கைப் பட்டாணியில் ஒரு மண்டபத்தில். மைக் பிடித்தவர் தேவனின் தாய்மாமா. கெடா மாநிலத்தில் பாதிக் கல்யாணங்களில் மைக் அவர் கையில்தான் இருக்கும். தாலி கட்டியாயிற்று, பந்தி உட்கார்ந்தது, இலையில் சாம்பார் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவுக்கு மருமகன் தேவன் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது.

"அன்பார்ந்த உற்றார் உறவினர்களே! நம்ம பையன் ஒரு ஆப் செஞ்சிருக்கான். எல்லாரும் போன வெளியில எடுங்க! மண்டபத்து வைஃபை ஓசிதான், பாஸ்வர்டு செவுத்துல ஒட்டியிருக்கு. எறக்குங்க, அஞ்சு ஸ்டார் போடுங்க, அப்புறம் பாயசம் வரும்!"

சொந்தக்காரர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். மண்டபம் முழுக்க இடது கையில் கைப்பேசி, வலது கையில் சோறு. பெரியவர்களுக்குப் பிள்ளைகள் அழுத்திக் கொடுத்தார்கள். புகைப்படக்காரர் மேடைமேல் ஏறி, எல்லாரையும் கைப்பேசியைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் படம் எடுத்தார். என் கை இலையில் இருந்தது, போன் தேவன் அம்மாவின் பையில் இருந்தது. அதனால் தப்பித்தேன். புத்திசாலித்தனத்தால் அல்ல.

பழைய நாளில் இதைச் செய்திருந்தால் வாசலில் 'அரங்கு நிறைந்தது' பலகையைத் தொங்கவிட்டு அடுத்த காட்சிக்குக் காத்திருப்போம். செயலிக் கடைக்குக் கல்யாணமும் தெரியாது, தாய்மாமாவும் தெரியாது. ஒரே இடத்திலிருந்து, ஒரே வைஃபையில், ஒரே மதியத்தில், ஓர் ஊரே ஐந்து நட்சத்திரம் போட்டதை அது பார்த்தது. போட்டவர்களில் ஒருவர்கூட ஒரு முறுக்குக்கும் ஆர்டர் கொடுத்திருக்கவில்லை. கள்ளப் பாராட்டு என்று முடிவு கட்டி, இரண்டு நாளில் நம் செயலியைக் கடையிலிருந்து தூக்கிவிட்டது.

காலையில் நான் வரும்போது தேவன் முகம் செத்துப்போயிருந்தது. "சூசா லா ஆன்ட்டி, கஷ்டம்தான். ஏற்கெனவே எறக்குனவங்க போன்ல மட்டும்தான் ஓடும். புதுசா ஒருத்தரும் எறக்க முடியாது. தீபாவளிக்கு மூணு வாரம்கூட இல்ல."

அறையில் ஆளுக்கொரு யோசனை. வேறு பேரில், வேறு கணக்கில் உடனே மறுபடி ஏற்றிவிடலாம் என்றான் ஒருவன். கண்டுபிடித்துவிட்டால் இனி எந்தக் காலத்திலும் நம்மை உள்ளே விடமாட்டார்கள் என்று தேவனுக்குத் தெரியும். ஆனாலும் அவன் தலை அந்தப் பக்கம் ஆடத் தொடங்கியிருந்தது.

"கமலாகிட்ட சொன்னியா?" என்று கேட்டேன்.

"இப்ப வேணாம் ஆன்ட்டி. அவங்க பயந்துருவாங்க. ரெண்டு நாள்ல சரி பண்ணிட்டு சொல்லிக்கலாம்."

இங்கே கொஞ்சம் நிறுத்தி, உங்களைக் கூலிம் சாலைக்கு அழைத்துப்போக வேண்டும். ஒரே படப்பெட்டியை வைத்துக்கொண்டு கூலிமிலும் சுங்கைப் பட்டாணியிலும் ஒரே நாளில் காட்சி நடத்திய காலம் அது. அங்கே ஓடி முடிந்த ரீல்களை மோட்டார் சைக்கிளில் கட்டி இங்கே அனுப்புவார்கள். இங்கே முதல் பாதி ஓடுவதற்குள் இரண்டாம் பாதி வந்து சேர வேண்டும். ஒரு நாள் மழையில் சாலை மூழ்கி, இடைவேளை முடிந்தும் பெட்டி வரவில்லை. தியேட்டர் நிறைய ஆள். நாற்காலியைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். பழைய படத்து ரீல் ஒன்றை மாட்டிச் சமாளிக்கலாம் என்றார் ஆபரேட்டர். யாரும் வெளியே போகாமல் கதவைச் சாத்தச் சொன்னார் தியேட்டர்காரர்.

எங்கள் முதலாளி என் மைக்கை வாங்கிக்கொண்டு திரைக்கு முன்னால் போய் நின்றார். விளக்கைப் போடச் சொன்னார். "பெட்டி கூலிம் ரோட்டுல தண்ணியில நிக்குது. வரும். எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. போறவங்களுக்கு டிக்கெட் காசு திருப்பிக் குடுத்துடறேன். இருக்கறவங்களுக்குத் தேத்தண்ணி." அவ்வளவுதான் சொன்னார். கொஞ்சம் பேர் போனார்கள். மற்றவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு, கதை எப்படி முடியும் என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நனைந்து ஒழுகிக்கொண்டு மோட்டார்காரர் பெட்டியோடு உள்ளே வந்தபோது எழுந்த கைதட்டல், கதாநாயகன் வந்த காட்சிக்குக்கூட எழவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இதைத் தேவனிடம் சொன்னேன். அவன் காதில் பாதிதான் விழுந்திருக்கும். ஆனால் கார்ச் சாவியை எடுத்தான்.

நாங்கள் புக்கிட் செலம்பாவ் போய்ச் சேர்ந்தபோது கமலா கொட்டகையில் பெரிய அண்டாக்களில் அரிசியை அளந்து கொட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி.

"வாங்க ஆன்ட்டி, வா தம்பி. நாளையில இருந்து அவங்க ரெண்டு பேரும் வந்துருவாங்க. மூணு மூட்டையும் ஒரே தடவையா ஊறப் போட்டுடறேன்."

தேவன் கார்ச் சாவியைச் சட்டைப்பையில் போட்டான். பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னான். மாமா, மைக், பாயசம் உட்பட.

கமலா அளக்கும் டின்னைக் கீழே வைத்தாள். "அப்ப நான் மறுபடியும் கையுறை கம்பெனி வாசல்ல போய் நிக்கணுமா?"

அவன் என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன். "தெரியல கமலா. வந்த ஆர்டர் அப்படியே இருக்கு, அதுக்குப் பயமில்ல. புதுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது. தெரிஞ்ச அன்னைக்கே வந்து சொல்றோம்."

அவள் அண்டாக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அரிசியை அள்ளி மூட்டைக்கே திருப்பிப் போடத் தொடங்கினாள். முக்கால்வாசி திரும்பிப் போனது.

"நல்லவேள இன்னைக்கே வந்தீங்க. நாளைக்குச் சொல்லியிருந்தா மூணு மூட்டையும் ஊறிப்போயிருக்கும். காஞ்ச அரிசி காத்திருக்கும், ஊறுன அரிசி காத்திருக்குமா?" பிறகு தேவன் பக்கம் திரும்பினாள். "ஒங்க மாமா கையில மைக்கக் குடுத்தது யாருடா?"

திரும்பும்போது தேவன்தான் காரை ஓட்டினான். பீடோங் தாண்டியதும், "வேற பேர்ல ஏத்த வேணாம் ஆன்ட்டி" என்றான்.

கடைக்கு முறையீடு எழுத வேண்டும். நம் ஆட்களில் ஒருவர் எழுதிய முதல் வரைவில் 'எதிர்பாராத தொழில்நுட்பச் சூழல்' என்றெல்லாம் இருந்தது. படித்தால் எனக்கே நம்மேல் சந்தேகம் வந்தது. நடந்ததை எழுதச் சொன்னேன். 'அது ஒரு கல்யாணம். என் மாமா மைக்கில் சொன்னார். அந்த நட்சத்திரங்கள் எல்லாவற்றையும் நீங்களே அழித்துவிடுங்கள், எங்களுக்கு வேண்டாம்.' தேவன் அப்படியே எழுதினான். கூடவே புகைப்படக்காரர் எடுத்த படத்தையும் வைத்தான். வரிசையாக வாழை இலைகள், அவற்றுக்குப் பின்னால் பட்டுப்புடவையும் வேட்டியுமாகச் சொந்தக்காரர்கள், ஒவ்வொருவர் இடது கையிலும் உயர்த்திய கைப்பேசி. அதைப் பார்த்தால் திட்டமிட்டு மோசடி செய்யும் கூட்டம் என்று யாருக்கும் தோன்றாது.

பதில் வரும்வரை சும்மா இருக்க முடியாது. பழைய வாடிக்கையாளர் சிலரை விட்டால், செயலி உயிரோடு இருந்ததே அந்தச் சொந்தக்காரர்கள் போனில்தான். வேறு கூட்டம் நமக்கு இல்லை. ஓசி டிக்கெட்டில் வந்தவர்களைக் காசு கொடுத்துப் படம் பார்க்க வைக்க வேண்டும். அதற்கு நம் குரல் போதாது, அழைத்த வாயே மறுபடி அழைக்க வேண்டும். மாமாவைத் தேடிப் போனேன். மனிதர் ஏற்கெனவே வீட்டில் எல்லாரிடமும் திட்டு வாங்கி வாடியிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் கைப்பேசியை எடுத்து, குடும்பக் குழுவுக்குக் குரல் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார்.

"அன்பார்ந்த உற்றார் உறவினர்களே! அன்னைக்கு நான் சொன்னேன்னு அஞ்சு ஸ்டார் போட்டீங்க. முறுக்கத் தின்னாமலே போட்டோம். அதனால பையன் கடைய மூடிட்டாங்க. தப்பு என்னோடதுதான். இப்ப அந்த ஆப் நம்ம போன்ல மட்டும்தான் உசுரோட இருக்கு. பலகாரம் வேணும்னா அதுல வாங்குங்க, வேணான்னா விட்டுடுங்க. வாங்கித் தின்னுட்டு வாய்க்கு வந்தத பாக்கியம் அக்காகிட்ட சொல்லுங்க. ஸ்டார் மட்டும் யாரும் தொடாதீங்க! நன்றி, வணக்கம்."

சிலர் வாங்கினார்கள். சிலர் செயலியை அழித்துவிட்டார்கள். சிலர் எங்களுக்கு வழக்கமான ஆள் இருக்கிறார் என்றார்கள். ஆனால் வாங்கியவர்கள் நிஜமாக வாங்கினார்கள். வர வேண்டாம் என்று நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டுப் பெண்களைக் கமலா திரும்ப அழைக்கும் அளவுக்கு ஆர்டர் சேர்ந்தது. நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டேன். முறுக்கு பாதி உடைந்து வந்தது என்றார் ஒருவர். பலகாரம் எங்கே வருகிறது என்று செயலியில் பார்க்கவே தெரியவில்லை என்றார் ஒரு பெரியவர். அச்சு முறுக்கில் எண்ணெய் நாற்றம் என்று ஓர் அம்மா என்னை நன்றாகவே திட்டினார். எனக்கோ கச்சாங் பூத்தே வண்டிக்குப் பக்கத்தில் நிற்பது போல அத்தனை சந்தோஷம். டப்பாவை மாற்றினோம். அந்தப் பெரியவருக்குத் தெரியும்படி பொத்தானைப் பெரிதாக்கினான் தேவன். கமலா எண்ணெயை அடிக்கடி மாற்றினாள்.

தீபாவளிக்குச் சில நாள் இருக்கும்போது முறையீடு ஏற்கப்பட்டு, செயலி கடைக்குத் திரும்பியது. நட்சத்திரம் எல்லாம் துடைத்தெடுத்தது போலப் போயிருந்தது. சுத்தமான பூஜ்யம். தேவன் அதைப் பார்த்துச் சிரித்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

படத்துக்கும் செயலிக்கும் வித்தியாசமே இல்லையா என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். இருக்கிறது. படம் பார்த்தவர் வீட்டுக்குப் போய்விடுவார். நல்லதோ கெட்டதோ, அதோடு விட்டது. நம்மை இறக்கியவரோ நம்மைத் தன் வீட்டுக்கே கொண்டுபோகிறார், தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். அதனால் நாம் இன்னும் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தியாசம் இதுதான்.

அந்தப் பூஜ்யத்துக்குப் பிறகு வந்த முதல் பாராட்டு மாமாவுடையது. பாராட்டு என்றும் சொல்ல முடியாது. தானே ஆர்டர் கொடுத்து, தின்று பார்த்து, மூன்று நட்சத்திரம் போட்டிருந்தார். 'முறுக்கு மொறுமொறுப்பு. உப்பு தூக்கல். குறைத்தால் மறுபடி வாங்குவேன்' என்று எழுதியிருந்தார்.

கமலாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கடைய மூட வச்ச மனுசன், இப்ப எனக்கு மூணா?" என்று என்னிடம் போனில் கத்தினாள். கத்திவிட்டு, உப்பைக் குறைத்தாள். மாமா மறுபடி வாங்கினார். அதற்குப் பிறகும் வாங்கினார். கமலா தொழிற்சாலைப் பக்கம் திரும்பிப் போகவேயில்லை.

போன வருடம் கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையில் அவர்கள் இருவரும் முன்னும் பின்னுமாக நின்றார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் நின்றேன்.

"அண்ணே, இப்ப உப்பு எப்படி?" என்று கேட்டாள் கமலா.

ஒரு வாய்கூடத் தின்னாமல் ஒரு மண்டபத்தையே ஐந்து போட வைத்த மனிதர், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி யோசித்தார்.

"நாலு போடலாம்" என்றார்.

கமலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் பூரித்துப்போயிருந்தது.